தராசுக்கும் ஒரு சோதனை வேண்டும்

  

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, வாளிகளைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால் தராசில் ஏறும். கிராணி பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அவர் எழுதியதுதான் கணக்கு. அந்தக் கணக்குத்தான் அன்றைய கூலி. "தராசு சரியாக இருக்கிறதா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டால் அவருக்கு வாயாடி என்ற பெயர்தான் கிடைக்கும். பலர் சேர்ந்து கேட்டபோதுதான் பதில் கிடைத்தது.

கடைத்தெருவில் மீன் நிறுக்கும் தராசையும் பாருங்கள். அதில் ஒரு சோதனை முத்திரை இருக்கும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி வாணிகத்துக்குப் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மீன்காரர் நல்லவரா, கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. நல்லவரானாலும் அவருடைய தராசைச் சோதிக்கத்தான் வேண்டும். இதுவே நியாயம்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புதிய தராசு வந்துவிட்டது. அதுதான் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் முகநூல், டிக்டோக், வலையொளி போன்ற பெருந்தளங்கள். எந்தச் செய்தி நம் கண்ணில் படவேண்டும், எந்தக் காட்சி மேலே வரவேண்டும், எந்த விளம்பரம் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவை நிறுத்துக் கொடுக்கின்றன. அந்தத் தராசை நாம் பார்க்க முடியாது. அப்படியானால் அதைச் சோதிப்பவர் யார்? இன்றைய உரையில் நாம் பேசவிருப்பது இதைப் பற்றித்தான்.

முதலில் நம் பள்ளியில் நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறோம். சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பள்ளித் தவணை முடியும் நேரம். ஒரு பெரிய தளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சீருடையும் புத்தகப்பையும் வாங்க 800 வெள்ளி உதவி என்று அதில் எழுதியிருந்தது. சிரித்த முகத்தோடு பிள்ளைகளின் படம் இருந்தது. அரசாங்க முத்திரையைப் போலவே ஒரு முத்திரையும் இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்து, விசாரிக்காமல் பெற்றோர் புலனக் குழுவில் போட்டவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாய் அதை நம்பினார். அவருடைய மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகவிருந்தவள். முதலில் பதிவுக் கட்டணம் 60 வெள்ளி கேட்டார்கள். பிறகு பரிசீலனைக் கட்டணம் என்று 540 வெள்ளி கேட்டார்கள். ஆக 600 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மகளின் சீருடைக்காகச் சேர்த்து வைத்த பணமும் அதுதான்.

பணம் போன பிறகு அவர் பள்ளிக்கு வந்தார். நம்மை ஏசவில்லை. "நீங்க போட்டதுன்னுதான் சார் நம்பினேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இன்றும் நம் காதில் நிற்கிறது.

நாம் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினோம். "இந்த விளம்பரம் எங்கள் விதிகளுக்கு மாறானது அல்ல" என்று பதில் வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. மனிதரா, இயந்திரமா என்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்தும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தோட்டத்தில் ஓர் அநியாயம் நடந்தால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். இதற்கு எந்த வாசலில் போய் நிற்பது?

நேயர்களே, இந்தத் தளங்கள் நமக்கு இலவசமாகக் கிடைப்பதாக நினைக்கிறோம். அவற்றின் பெரும் வருமானம் விளம்பரத்தில் இருந்து வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆகவே நம்மை எழுந்து போகவிடாத காட்சி எதுவோ, அதைக் கணிப்பொறி மேலும் மேலும் கொண்டு வருகிறது. அன்பு நம்மை நிறுத்தினால் அன்பைக் காட்டும். சண்டை நிறுத்தினால் சண்டையைக் காட்டும். கல்வி உதவி தேடும் தாய்க்குக் கல்வி உதவி என்ற பெயரில் வரும் எதையும் காட்டும். மெய்யா, பொய்யா என்பது அந்தக் கணக்கில் இரண்டாம் பட்சம்.

ஒரு நாளிதழ் பொய் விளம்பரம் போட்டால் அதன் ஆசிரியரைக் கேட்கலாம். ஆனால் இந்தத் தளங்கள் நெடுங்காலமாக வேறுவிதமாகப் பேசி வந்தன. "நாங்கள் சுவர் மட்டுமே. சுவரில் நோட்டீஸ் ஒட்டியவரைக் கேளுங்கள்" என்றன. அமெரிக்க நாடு 1996-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்று சொல்கிறது. அன்று இணையம் கைக்குழந்தை. இன்றோ அந்தச் சுவர் எந்த நோட்டீஸை யார் கண்முன் காட்டலாம் என்று தானே தேர்ந்தெடுக்கிறது. அதற்குக் காசும் வாங்குகிறது. இப்படிப்பட்ட சுவரை வெறும் சுவர் என்று சொல்லலாமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். நாம் வாழும் ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்து புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் வெகுதூரமில்லை. புத்ராஜெயா எழுந்த இடத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. பிராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மேடிங்லி ஆகிய தோட்டங்களில் மரம் சீவிய நம் மக்கள் டிங்கிலுக்குப் பெயர்ந்து போனார்கள். பக்கத்தில் சைபர்ஜெயாவும் எழுந்தது. தளங்களைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைமையகம் இன்று அங்கேதான் இருக்கிறது. ஆகவே தொழில்நுட்பக் கொள்கை என்பது படித்த பெரிய மனிதர்களின் பேச்சு என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. அந்தக் கொள்கை நம் வெட்டுக்காட்டுப் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறது.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பிறந்தபோது அதில் ஒரு வாக்குறுதி எழுதப்பட்டது. இச்சட்டம் இணையத்தைத் தணிக்கை செய்ய அனுமதிப்பதாகப் பொருள் கொள்ளக்கூடாது என்பதே அது. மூன்றாம் பிரிவில் அது இருக்கிறது. உலக நிறுவனங்களை நம் நாட்டுக்கு அழைத்த காலம் அது. அந்த வாக்குறுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோலாலம்பூரில் நம் இனத்துப் பெண்மணி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் டிக்டோக்கில் பலரும் அறிந்தவர். இணையத்தில் அவரை இழிவாகப் பேசினார்கள், மிரட்டினார்கள். இறப்பதற்கு முன் அவர் போலீசிலும் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 100 வெள்ளி. 1955-ஆம் ஆண்டின் சிறுகுற்றச் சட்டத்தில், அந்தப் பிரிவு அனுமதித்த உச்சத் தொகையே அவ்வளவுதான். நாடே அதிர்ந்தது. அதன் பயனாகக் குற்றவியல் சட்டத்தில் இணையப் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. இப்படிப்பட்ட துன்பத்தில் உங்கள் வீட்டில் யாரேனும் இருந்தால் தயவு செய்து மறைக்காதீர்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் எண்ணில் பேசலாம்.

இது தனிமனிதர் செய்யும் குற்றத்துக்கான வழி. தளத்தின் பொறுப்புக்கு என்ன வழி? அரசாங்கம் இரண்டு காரியங்களைச் செய்தது.

முதலாவது, உரிமம். நம் நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகங்களும் செய்தி அனுப்பும் செயலிகளும் 2025 ஜனவரி முதல் நாள் தொடக்கம் உரிமம் பெறவேண்டும் என்று ஆணையம் அறிவித்தது. டிக்டோக்கும் வீசாட்டும் அப்போதே உரிமம் பெற்றன. எக்ஸ் என்ற தளமோ, தனக்கு அவ்வளவு பயனர் இல்லை என்று சொன்னது. எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்பவர் யார்? அந்தத் தளமேதான். கிராணி தன் தராசுக்குத் தானே சாட்சி சொன்னதைப் போல இருந்தது அது. அதனால்தான் 2026 ஜனவரி முதல் நாள் தொடக்கம், அந்த அளவைத் தாண்டிய தளங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் உரிமம் பெற்றவையாகவே கருதப்படும் என்று விதி வந்தது.

இரண்டாவது, 2025-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம். நாடாளுமன்றத்தில் 2024 டிசம்பரில் நிறைவேறிய இச்சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஒன்பது வகைத் தீங்குகளை அது குறிப்பிடுகிறது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கும் படங்கள், பண மோசடி, தொல்லை தருதல், வன்முறையைத் தூண்டுதல், பிள்ளைகள் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளத் தூண்டுதல், போதைப் பொருள் பரப்புதல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் முதல் இரண்டும் உடனடியாகத் தடுக்கவேண்டியவை.

நம் போன்றோருக்கு இதில் என்ன இருக்கிறது? புகார் சொல்வதற்குத் தளம் வழி வைத்திருக்க வேண்டும். பயனருக்கு உதவி செய்ய ஏற்பாடு இருக்கவேண்டும். பிள்ளைகளிடம் முன்பின் அறியாத பெரியவர்கள் தொடர்பு கொள்வதைக் கட்டுப்படுத்த வேண்டும். தீங்கைக் குறைக்க என்ன செய்கிறோம் என்று திட்டம் எழுதித் தரவேண்டும். கடமை தவறினால் 1 கோடி வெள்ளி வரையில் தண்டம் உண்டு. 100 வெள்ளியையும் 1 கோடி வெள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தின் பார்வை எங்கிருந்து எங்கே திரும்பியிருக்கிறது என்பது புரியும்.

ஆனால் நேயர்களே, எந்த நாணயத்துக்கும் மறுபக்கம் உண்டு. தளங்களின் கூட்டமைப்பான ஆசிய இணையக் கூட்டணி 2024 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் உரிமத் திட்டத்தை எதிர்த்தது. போதிய கலந்தாலோசனை இல்லை என்றது. அது வியாபாரிகளின் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் மனித உரிமை அமைப்பினரும் அச்சம் தெரிவித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. "மோசடியைத் தடுக்கக் கொடுத்த கோல், நாளை அரசாங்கத்தைக் குறைகூறும் ஏழையின் முதுகில் விழாது என்பதற்கு என்ன உறுதி?"

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, பிறரைப் புண்படுத்தும் பதிவுகளைப் போடும் தனிமனிதர் மேல் பாய்வது. அதன் உச்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது. 2025-இல் அது 5 லட்சம் வெள்ளி ஆயிற்று. இது தளத்துக்கு அல்ல, உங்களுக்கும் நமக்கும். தோட்டத்து வீடுகளில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கோபமாக எழுதினால் அது குறையா, குற்றமா? தணிக்கை இல்லை என்ற மூன்றாம் பிரிவின் வாக்குறுதியைக் காப்பாற்றுவது எப்படி? இவை கேட்கவேண்டிய கேள்விகளே.

மற்ற நாடுகளையும் பார்ப்போம். இலங்கையிலும் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அங்கே அமைக்கப்படும் ஆணையத்தின் அதிகாரம் பேச்சுரிமையை நெரிக்கும் என்று பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டோக்கைத் தரவிறக்கம் செய்யத் தடை விதிக்கச் சொன்னது. அதே மாதத்தில் தடையை விலக்கியது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு டிக்டோக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. ஆடிப் பாடியவர்கள் வேறு தளங்களுக்குப் போனார்கள். கடையை மூடினால் அடுத்த கடைக்குப் போவார்கள். அடுத்த கடையின் தராசு சரியா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு விவாதம் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. நம் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சிலும் அதற்கு முந்திய நவம்பரில், இங்கும் அந்த வழியில் போகவிருப்பதாக அறிவித்தார். வயதைச் சரிபார்க்க அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால், நம் பிள்ளைகளின் விவரம் யாரிடம் போய்ச் சேரும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் நமக்குத் தடையில் ஆசைதான். இரவு இரண்டு மணி வரை கைத்தொலைபேசி பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அப்பாவின் பெயரில் கணக்கு திறக்கும் பிள்ளையையும் பார்க்கிறோம். வீட்டின் துணை இல்லாமல் எந்தச் சட்டமும் நிற்காது.

அப்படியானால் நம் முடிவு என்ன? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம், நீங்களும் சிந்தியுங்கள். சட்டம் தராசைச் சோதிக்கட்டும். பேசுகிறவர் வாயைக் கட்ட வேண்டாம். விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது கொடுத்தவர் யாரென்று தளம் விசாரித்ததா? புகார் வந்த பின் எத்தனை நாளில் பார்த்தது? பிள்ளைக்கு எதைக் காட்டியது? இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கலாம். ஒருவர் சொன்ன கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அதை நீக்கச் சொன்னால், அந்தக் கோரிக்கையை விடுத்தவர் யார், காரணம் என்ன என்பது வெளியே தெரியவேண்டும். சோதிக்க வருபவரையும் சோதிக்க ஒருவர் வேண்டும். புதிய சட்டத்தில் மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்கு இடம் உண்டு. அது நன்றாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நம் கடமை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தனிப்பட்ட முறையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திகளுக்குப் புதிய சட்டம் பொருந்தாது. அது நல்லதே. நம் வீட்டுப் பேச்சை யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாது. ஆனால் அங்கே காவல்காரர் இல்லை என்பதையும் உணரவேண்டும். அங்கே நாமே காவல். நாம் செய்த தவறு அந்த இடத்தில்தான் நடந்தது. தளம் பொய்யை வாசல்வரை கொண்டுவந்தது. அதை வீட்டுக்குள் கூட்டி வந்தது நம் விரல்.

ஆகவே சில சிறு காரியங்கள். உதவி தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் அது உதவி அல்ல. பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் பக்கத்தில் பார்த்துவிடலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிட வேலை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். தளத்துக்கும் புகார் அனுப்புங்கள். அந்த விளம்பரத்தையும், வந்த பதிலையும் படம் பிடித்து வையுங்கள். பதில் நியாயமாக இல்லாவிட்டால் அந்தப் படங்களோடு ஆணையத்துக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கு வாருங்கள். எழுதித் தருவது ஆசிரியர் கடமை. சான்று இல்லாத புகார், எடை எழுதாத பால் வாளியைப் போன்றது.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 600 வெள்ளி திரும்பி வரவில்லை. நாம் அதே பெற்றோர் குழுவில், "இந்தச் செய்தியைப் போட்டது எங்கள் தவறு, இது மோசடி, யாரும் பணம் கட்ட வேண்டாம்" என்று எழுதினோம். எழுதும்போது கை நடுங்கியது. சிறிது நேரத்தில் ஒரு தந்தை பதில் எழுதினார். மறுநாள் காலையில் பணம் கட்ட இருந்தாராம். பிறகு இன்னும் இரண்டு தாய்மார்கள், தாங்களும் 60 வெள்ளி கட்டி ஏமாந்து, வெளியே சொல்லாமல் இருந்ததாக எழுதினார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியே ஏமாந்தவர். அன்று முதல் அவர்கள் சேர்ந்து புகார் கொடுத்தவர்கள். அந்தச் சிறுமியின் சீருடையைப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். அது நம் கடனில் ஒரு பகுதிதான்.

கொட்டகைத் தராசைத் தனியாகக் கேட்டவர் வாயாடி ஆனார். சேர்ந்து கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. புதிய தராசு கண்ணுக்குத் தெரியாதது, உலகளவு பெரியது. ஆனால் கேட்கும் முறை பழையதுதான். சேர்ந்து கேட்போம், சான்றோடு கேட்போம்.